ஆமையும் வெப்பமானியும்

போன பங்குனி மாதம் ஒரு காலை வேளையில் சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, ஆமை நாலு நாளா ஒண்ணும் திங்கல. கண்ணைத் தொறக்கவே மாட்டேங்குது. இவன் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுவுறான்."

பேரனின் பிறந்தநாளுக்கு வாங்கிய ஆமை அது. உள்ளங்கை அளவுதான். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. கடைக்காரர் ஒரு வட்டக் கண்ணாடித் தொட்டியும், அதற்குள் வைக்க ஒரு பிளாஸ்டிக் தென்னை மரமும், ஒரு டப்பா உலர் தீனியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எப்படி வளர்ப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருமகனுக்கு வீட்டிலிருந்தே வேலை. அறையில் பகல் பூராவும் ஏசி ஓடும். ஆமை இருந்ததும் அதே அறையில்தான்.

நான் மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறி இறங்கியவன். ஆமையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் காரங்காட்டுக்காரன் என்ற மிதப்பு இருக்கிறதல்லவா? "குளுருது போலருக்கு தாயி. வெயில்ல தூக்கி வை" என்று சொல்லிவிட்டேன்.

அவளும் பதினோரு மணிக்கு தொட்டியோடு தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிட்டு, சமையலைப் பார்க்கப் போய்விட்டாள். முக்கால் மணி நேரம் கழித்துப் போனால், தண்ணீர் கை பொறுக்காத சூடு. ஆமை வாயைத் திறந்தபடி கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது. அள்ளி நிழலில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியிருக்கிறாள். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் அது வெந்தே போயிருக்கும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. குளிரில் கிடந்ததை எடுத்து கொதிநீரில் போடச் சொன்னவன் நான்தானே.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவற்றுக்கெல்லாம் இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நம் பக்கத்து ஊரணிகளில் ஆமை உண்டு என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மழை பெய்து ஊரணி நிறைந்த பிறகு, காலையில் குளிக்கப் போனால் படிக்கல்லில் ஒன்றிரண்டு ஏறிக் கிடக்கும். கழுத்தை நீட்டி, பின்கால்களை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். காலடிச் சத்தம் கேட்டதும் சளக்கென்று தண்ணீருக்குள் போய்விடும். பத்து மணிக்கு மேல் போனால் ஒன்றும் இருக்காது. நாங்கள் மனுஷர்களுக்குப் பயந்து போய்விட்டது என்று நினைத்தோம். கல் சுட்டது என்று நினைக்கத் தோன்றவில்லை.

வானம் பொய்த்த வருஷத்தில் ஊரணி வெடித்துக் கிடக்கும்போது தூர் வாருவார்கள். முழங்கால் ஆழம் வெட்டியதும் மண்வெட்டியில் 'டக்'கென்று ஏதோ படும். பார்த்தால் மண்ணோடு மண்ணாக ஆமை. செத்ததென்று கரையில் போடுவார்கள். யாராவது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் சற்று நேரத்தில் தலை வெளியே வரும். வெளியில் மண் காய்ந்து சுடும்போது, ஆழத்தில் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு சொல் இருந்தது அல்லவா! ஊரணி ஆமைகள் அத்தனை நாள் பிழைத்துக் கிடந்ததற்கு அந்தப் பழமொழியும் ஒரு காரணம் என்பேன்.

கடலாமைக்கு அந்தப் பழமொழி உதவவில்லை. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேயும் பேராமையைப் பிடிப்பது அந்தக் காலத்தில் சட்டப்படியான தொழில். உயிரோடு வைத்திருந்தால்தான் விலை. இலங்கைக்கும் உயிரோடுதான் போகும். கரையில் மல்லாத்திப் போட்டு, மேலே ஓலையைப் போட்டு, அவ்வப்போது கடல் தண்ணீரை ஊற்றுவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஓலை விலகி வெயில் பட்டால் அது பெருமூச்சு விடும். அந்தச் சத்தம் மனுஷர் விடுவது போலவே இருக்கும். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 1977-ல் கடலாமைகளைச் சேர்த்த பிறகு அந்தத் தொழில் படுத்தது. அப்போதைய வருமானத்தை நினைத்து வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு வருத்தம் இல்லை.

கடலில் காற்று அடங்கிய நாட்களில் பேராமை முதுகு காய மிதந்து கிடக்கும் என்றும், சில நேரம் அதன் மேல் பறவை உட்கார்ந்திருக்கும் என்றும் கடலுக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். ஹவாய்த் தீவுகளில் இதே இன ஆமைகள் பட்டப்பகலில் மணலில் ஏறிப் படுத்து வெயில் காய்கின்றனவாம். படத்தில் பார்த்தேன். நம் ஊரணிப் படியில் கிடந்த அதே கிடை.

இனி நம் பெரியவர்கள் ஆமையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு வருகிறேன். எங்கள் தமிழ் ஐயா வகுப்பில் சொல்வார்: மீன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும், பறவை தொட்டுப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும் என்று. குரு தீட்சை மூன்று வகை என்பதற்குச் சைவத்தில் சொல்லும் உவமை அது. கரையில் முட்டையைப் புதைத்துவிட்டுக் கடலுக்குப் போகும் தாய், அங்கிருந்தே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நினைவின் சூட்டில் குஞ்சு வெளியே வரும். அகநானூற்றின் 160-ஆம் பாட்டில் வேறு மாதிரி இருக்கிறது. அடும்பங்கொடி படர்ந்த மணலில் தாய் ஆமை முட்டையை மறைத்து வைக்க, குஞ்சு வரும்வரை ஆண் ஆமை காவல் இருக்கிறதாம். முட்டையிடும் இடத்தை அந்தப் புலவர் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார்! காவல் மட்டும் கற்பனை. ஆண் ஆமை கரைக்கு வந்து முட்டையைக் காப்பதே இல்லை. தாயும் திரும்பி வருவதில்லை. முட்டைக்குக் காவலும் நினைப்பும் எல்லாம் மணலின் சூடுதான்.

இந்தச் சூட்டின் கதையை வெள்ளைக்காரர்கள் எப்போது கண்டுபிடித்தார்கள் என்று தேடினேன். அவர்களும் ரொம்ப நாள் தடுமாறித்தான் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் செல்போர்ன் என்று ஒரு கிராமம். கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் அங்கே இருந்தார். அவருடைய அத்தை வளர்த்த தரை ஆமை ஒன்றை, 1780-ல் அத்தை காலமான பிறகு தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். பெயர் திமோத்தி. வேலையற்ற மனுஷர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்து குறிப்பு எழுதினார். கோடையின் உச்சி வெயிலில் அது இலைக்கடியில் ஒளிந்துகொள்கிறது. குளிர் தொடங்கும் மாதங்களில் சுவர் ஓரமாகப் போய், தன் ஓட்டைச் சரித்து வைத்துக்கொண்டு, சாய்ந்து வரும் வெயிலை முழுசாக வாங்குகிறது. 1789-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சூரியத் தகடு எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்று பயிற்சி வகுப்பு எடுத்தார்கள். திமோத்திக்கு அது வகுப்பு இல்லாமலே தெரிந்திருந்தது. (அந்த ஆமை செத்த பிறகு ஓட்டைப் பரிசோதித்ததில் அது பெண் என்று தெரிந்தது. ஆண் பெயரிலேயே காலம் தள்ளிவிட்டது பாவம்.)

ஒயிட் பார்த்ததை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஊர்வனவற்றுக்குக் குளிர் ரத்தம், சுற்றியிருக்கும் சூடு என்னவோ அதுதான் அதன் உடம்புச் சூடும் என்று பாடப்புத்தகம் சொன்னது. நாமும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினோம். 1944-ல் அமெரிக்காவில் ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இருவர் கலிபோர்னியாப் பாலைவனத்தில் பல்லிகளையும் பாம்புகளையும் வைத்து ஆராய்ந்து, அதை மாற்றி எழுதினார்கள். திறந்த வெயிலில் கட்டிப் போட்ட பாலைவனப் பல்லி சில நிமிஷங்களில் செத்துவிடுகிறது. அவிழ்த்து விட்டால் அதே பாலைவனத்தில் நன்றாக வாழ்கிறது. எப்படி? வெயிலுக்கு வருகிறது, சூடேறியதும் நிழலுக்குப் போகிறது, ஆறியதும் மறுபடி வருகிறது. இப்படி நடந்து நடந்தே பகல் நேரத்தில் உடம்புச் சூட்டை ஒரு குறுகிய அளவுக்குள் வைத்துக்கொள்கிறது. நமக்கு அடுப்பு உள்ளே இருக்கிறது. அதற்கு வெளியே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கவுல்ஸ் பின்னாளில் பல்லிக்குக் குட்டியாக மயிர்க்கோட்டு தைத்துப் போட்டுப் பார்த்தாராம். உள்ளே அடுப்பு இல்லாத உடம்புக்குக் கம்பளி போர்த்தினால் வெயில் ஏறுவதுதான் தடைப்படும்.

இதைப் படித்தபோது மொட்டை மாடித் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. ஊரணி ஆமைக்குப் படியும் உண்டு, ஆழமும் உண்டு. எது வேண்டுமோ அங்கே போகும். தொட்டி ஆமை போவதற்கு இடம் ஏது? நான் அதற்குச் செய்தது, கட்டிப் போட்ட பல்லிக்குச் செய்ததுதான்.

முட்டையின் கதை இன்னும் விசித்திரம். 1966-ல் ஆப்பிரிக்காவின் டாக்கார் நகரில் மடலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஓணான் இனத்தின் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார். ஒரு சூட்டில் வந்தவை பெரும்பாலும் பெண், இன்னொரு சூட்டில் ஆண். அப்பனும் ஆத்தாளும் தீர்மானிக்க வேண்டியதை வெயில் தீர்மானிக்கிறது! நாம் கல்லால் அடித்த ஓணானிடம் இவ்வளவு சேதி இருந்திருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் க்ளோத் பியோ என்பவர் பிரான்சில் ஆமை முட்டையிலும் அதையே கண்டார். 1979-ல் அமெரிக்காவின் புல், வோக்ட் இருவரும் ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, ஆற்றோரத்தில் இயற்கையான கூடுகளிலும் அப்படித்தான் என்று காட்டினார்கள். நிழல் பட்ட கூட்டில் ஆண் குஞ்சுகள், வெயில் பட்ட கூட்டில் பெண் குஞ்சுகள்.

என் பேரனிடம் இருக்கும் சிவப்புக் காது ஆமையின் முட்டையை 26 டிகிரி செல்சியஸில் வைத்தால் எல்லாம் ஆண், 31-ல் வைத்தால் எல்லாம் பெண். ஐந்து டிகிரிக்குள் ஒரு குலமே மாறிவிடுகிறது.

இது நம் கடற்கரையையும் தொட்ட விஷயம். 1970-களில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து, நாயும் நரியும் தோண்டுவதற்கு முன்பே சிற்றாமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்க ஆரம்பித்தார்கள். 1988 முதல் மாணவர்கள் அமைப்பாகவே அதைச் செய்து வருகிறார்கள். இப்போது தனுஷ்கோடிப் பக்கமும் வனத்துறை பொரிப்பகம் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். உலகத்தில் பல இடங்களில் முட்டைகளைத் தெர்மக்கோல் பெட்டியில் வைத்துப் பொரிக்கும் வழக்கம் இருந்தது. 1980 வாக்கில் ம்ரோசோவ்ஸ்கி, இண்டெமா என்ற இரண்டு விஞ்ஞானிகள், 'நிறுத்துங்கள், பெட்டிக்குள் மணலை விடக் குளிர்ச்சி, நீங்கள் ஆண் குஞ்சுகளாகவே உற்பத்தி செய்துகொண்டிருக்கலாம்' என்று எச்சரித்தார்கள். நல்லது செய்யப் போய் கெடுதல் செய்வது எனக்கு மட்டும் நேர்வதல்ல என்று அப்போது கொஞ்சம் ஆறுதல்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ் இருவரும் அங்கே சதுப்பு நில முதலை முட்டைகளை டிகிரி டிகிரியாகப் பிரித்து வைத்து 1994-ல் வெளியிட்டார்கள். முப்பத்திரண்டரை டிகிரியை ஒட்டி ஆண் குட்டிகள் அதிகம். அதற்குக் கீழேயும் மேலேயும் பெண் குட்டிகள். முதலையின் கணக்கு ஆமையின் கணக்கைவிடச் சிக்கல். இப்போது பூமியே சூடாகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் இளம் பேராமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண்தான் என்று 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. மாப்பிள்ளை கிடைக்காத ஊர் மாதிரி ஆகிவிடும் போலிருக்கிறது.

சரி, பேரனின் ஆமைக்கு வருவோம்.

அதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். 1950-களில் அங்கே சில்லறைக் கடைகளில் குஞ்சு ஆமையையும் ஒரு வட்டக் கிண்ணத்தையும் பிளாஸ்டிக் மரத்தையும் சேர்த்து விற்றார்கள். கோடிக்கணக்கில் விற்று, அநேகமாக எல்லாம் சில மாதத்தில் செத்தன. ஆமையைத் தொட்ட கையை வாயில் வைத்த குழந்தைகளுக்கு சால்மொனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கு வர, 1975-ல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்கத் தடை போட்டார்கள். அதன் பின்பும் பண்ணைக்காரர்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அமெரிக்கக் கடைகளில் இருந்த அதே பிளாஸ்டிக் தென்னை எழுபது வருஷம் கழித்து என் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறது. என்னென்னவோ மாறியும் அந்த மரம் மாறவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் இரண்டு வெப்பமானி வாங்கச் சொன்னேன். ஒன்று தண்ணீருக்கு, ஒன்று ஏறி உட்காரும் கல்லுக்கு. ஏசி அறையில் தண்ணீர் 21 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் ஆமையின் வயிறு தீனியைச் செரிக்காது. அதுதான் சாப்பிடவில்லை. பிடிவாதம் இல்லை, சீக்கும் இன்னும் முழுதாக வரவில்லை. சின்ன ஆமைக்குத் தண்ணீர் 26 முதல் 28, வளர்ந்ததற்கு 24 முதல் 27 இருக்க வேண்டும். கல்லின் மேல் 32 முதல் 35. தண்ணீருக்கும் கல்லுக்கும் இந்த வித்தியாசம் கட்டாயம். 40-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

நீளமான தொட்டி மாற்றினோம். ஒரு முனையில் கல், மறு முனையில் நிழலும் நீந்த ஆழமும். கல்லுக்கு மேலே பழைய குண்டு பல்பு ஒன்று. பரணில் வைத்திருந்த நாற்பது வாட்டும் அறுபது வாட்டும் கடைசியில் உபயோகமாயின. எல்.இ.டி. வெளிச்சம் தரும், கல்லில் படும்படி சூடு தராது. பல்பு விழாமல் இரண்டு இடத்தில் கட்டி, ஒயரைத் தொட்டியின் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றி, பிளக்குக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. இதில் மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. இது என் தொழில். பல்பை உயர்த்தியும் தாழ்த்தியும் மூன்று நாள் போனில் அளவு கேட்டு 33-ல் நிறுத்தினோம். ராத்திரி அணைத்துவிட வேண்டும். ஊரணியிலும் ராத்திரி உண்டல்லவா?

சூடு மட்டும் போதாது என்பது இன்னொரு பாடம். 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், எலும்பு வளைந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கொளியில் வைத்துக் குணப்படுத்தினார். அந்த ஒளி பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உண்டாகும். ஆமையின் ஓடும் எலும்புதான். அந்த ஒளி இல்லாவிட்டால் ஓடு அப்பளம் போல மெத்தென்று ஆகும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் வராது. அதற்கென்று தனி விளக்கு உண்டு, விலை அதிகம். நாங்கள் காலை எட்டு மணி வெயிலில், பாதி நிழல் விட்டு, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் வைப்பது என்று முடிவு செய்தோம். உட்காருவது பேரன். காவல் காக்கும் ஆண் ஆமை என்று அவனைக் கேலி செய்வேன்.

ஆறாம் நாள் ஆமை தீனியைக் கவ்வியது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊரணி ஆமையையோ நட்சத்திர ஆமையையோ பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம், சிறை வரைக்கும் போகும். இந்தச் சிவப்புக் காது ஆமை வளர்ந்து பெரிசாகிவிட்டதென்று ஊரணியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். உலகின் மிக மோசமான நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. படிக்கல்லையும் இரையையும் நம் ஆமையிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். இருபது முப்பது வருஷம் வாழக்கூடியது. பேரனுக்குக் கல்யாணம் ஆகும்போதும் கூடவே இருக்கலாம். வாங்கும் முன் இதை மகளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இந்தத் தை மாதம் மகள் ஒரு வெப்பமானியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். சும்மா இருக்கக் கை வரவில்லை. காலை எட்டரை மணிக்கு ஊரணிக்குப் போய் அளந்தேன். கரையோரத் தண்ணீர் 25. கிழக்குப் பார்த்த மூன்றாம் படிக்கல்லின் மேல் 31. ஒன்பதரைக்குக் கல் 35-ஐ எட்டியது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், "என்ன பெரியப்பா, ஊரணிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆமை எதுவும் கண்ணில் படவில்லை. படியில் ஒரு ஓரமாக, தண்ணீரிலிருந்து ஏறியது போல ஒரு ஈரக்கோடு மட்டும் இருந்தது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போக வேண்டும்.